மண்டபம் கடற்கரையில் எஃகுத் தகட்டுச் சிற்பம்: எந்தத் தகடு, எப்படி வெட்டுவது, எங்கே துருப்பிடிக்கும்

கேள்வி இது: மண்டபம் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், எட்டடி உயரத்தில் ஆவுளியா (கடற்பசு) உருவத்தைத் தகட்டில் வெட்டி நிறுத்த வேண்டும். கார்ட்டன் எஃகில் செய்தால் பெயின்ட் செலவே இல்லை என்கிறார்கள், நம்பலாமா? இந்த வேலையையே தொழிலாக எடுத்துக்கொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கார்ட்டன் வேண்டாம். கொஞ்சம் செம்பும் குரோமியமும் சேர்த்து அமெரிக்காவில் 1930களில் கொண்டுவந்த எஃகு அது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, திரும்ப நனைந்து காயும்போது மேலே இறுக்கமான துருப்படலம் ஒன்று கட்டிக்கொள்ளும். அதுவே உள்ளிருக்கும் இரும்புக்குக் காவல். அந்தக் காய்தல் உப்புக்காற்றில் நடப்பதில்லை. தகட்டில் படிந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. படலம் இறுகாமல் செதில் செதிலாக உரிந்துகொண்டே இருக்கும். ஹவாயில் 1975-இல் திறந்த அலோஹா விளையாட்டரங்கம் இந்த எஃகை நம்பிக் கட்டப்பட்டது. கடற்காற்றில் துரு நிற்காமல், பழுதுபார்ப்பு அங்கே தீராத செலவாகிப் போனது.

ஸ்பெயினில் சான் செபஸ்தியான் கடற்பாறைகளிலேயே எதுவார்தோ சில்லிடாவின் எஃகுச் சிற்பங்கள் 1977 முதல் நிற்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவை தகடு அல்ல, கைக்குள் அடங்காத பருமனுள்ள கட்டை எஃகு. ஒவ்வொன்றும் சுமார் 10 டன். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலும் அவற்றின் உருவம் மாறாது. உங்கள் 6 மி.மீ. தகட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. துரு அரிப்பை வைத்துச் சூழல்களைப் பிரிக்கும் சர்வதேசத் தர அட்டவணையில் சி5 என்ற வகையில் சாதாரண இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை அரிக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). பாம்பன் பகுதி அந்த வகைக்குக் கீழே வராது.

இந்தக் கரையில் உப்பு ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சிற்பத்தின் வடிவமே மாறும். மாவட்டத்தில் ஆண்டுக்கு சுமார் 800 மி.மீ. மழைதான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வந்து முடிந்துவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் நுரைத்துக்கொண்டே இருக்கும்; அந்த நுரையின் உப்பு காற்றில் ஏறித் தகட்டில் உட்காரும். கழுவ மழை இல்லை. கேரளக் கரையிலும் உப்புக்காற்று உண்டு. ஆனால் அங்கே அதே மாதங்களில் மழை கொட்டிக் கழுவிவிடுகிறது. இங்கே முக்கால் வருடத்து உப்பு அப்படியே அடுக்கடுக்காக ஏறுகிறது. அதனால்தான் இங்கே முதலில் துருப்பிடிப்பது மழை படும் முகம் அல்ல; மழையே எட்டாத அடிப்பக்கம், மடிப்பின் உள்முகம், இரண்டு தகடு சேரும் இடுக்கு. என்ன எஃகு வாங்கினீர்கள் என்பதைவிட, உப்பு தங்க இடம் கொடுத்தீர்களா இல்லையா என்பதுதான் சிற்பத்தின் ஆயுளை முடிவு செய்கிறது.

எஃகுக்கு வருவோம். 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்காதீர்கள். பாத்திரத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் அது போதும். கடலோரத்தில் சில மாதங்களில் தேநீர் சிந்தியது போலப் பழுப்புக் கறை படரும், பிறகு ஊசிமுனைக் குழிகள் விழும். 316 எல் தகட்டில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. உப்பின் குழி அரிப்பைத் தாங்குவது அதனால்தான். அதன் கடைசியில் வரும் ‘எல்’ முக்கியம்: கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். கார்பன் கூடுதலாக இருந்தால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும்; வெல்டை ஒட்டிய கோடு மட்டும் துருப்பிடிக்கும். பணம் அனுமதித்தால் 2205 டூப்ளெக்ஸ் என்ற இன்னும் உயர்ந்த எஸ்.எஸ். குழி அரிப்பை எதிர்க்கும் எண் 304-க்கு 18, 19 அளவில், 316-க்கு 24, 2205-க்கு 35. தனுஷ்கோடிப் பக்கம், இருபுறமும் கடல் உள்ள மணல்திட்டில் நிறுத்துவதானால் டூப்ளெக்ஸைத்தான் சொல்வேன். மண்டபத்தில் சாலையோரம் என்றால் 316 எல் போதும், கழுவ ஆள் இருந்தால். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கே எஸ்.எஸ். போட்டார்கள், மேலே பாலிசிலாக்சேன் என்ற துருக்காப்புப் பூச்சும் கொடுத்தார்கள். இந்தக் கடலை எந்த அளவுக்கு மதிக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

வாங்கும்போது உருக்காலைச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 316 என்று முடிவு கட்ட முடியாது, 304-லும் ஒட்டாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்துச் சோதனை எஸ்.எஸ். கடைகளிலேயே செய்து காட்டுவார்கள்.

இனி வரைபடம். ஆவுளியாவின் பக்கவாட்டு உருவம் தகட்டுக்குப் பொருத்தமானது: நீண்டு உருண்ட உடல், கீழ்நோக்கி வளைந்த மூஞ்சி, துடுப்பு, இரண்டாகப் பிளந்த வால். கை பரபரக்க உடம்பெங்கும் செதில், அலை, பாசி என்று நுணுக்கமாக வெட்டத் தோன்றும். அதைக் கட்டுப்படுத்துங்கள். வெட்டும் ஒவ்வொரு கோடும் இரண்டு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பும் துரு தொடங்க ஒரு வாசல். நூறு சின்ன ஓட்டைகளைவிட விரல் நுழையும் பத்து பெரிய வெட்டுகள் அழகாகவும் இருக்கும், துணி விட்டுத் துடைக்கவும் வரும். 6 மி.மீ. தகட்டில் எந்த ஓட்டையும் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது வெட்டும் எந்திரத்தின் எல்லை. கடற்கரைக்கு என் எல்லை 20 மி.மீ. இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் பாலம் 15 மி.மீ.க்குக் குறைந்தால் காற்றில் அதிரும், வருடக்கணக்கில் அதிர்ந்தால் அடியில் விரிசல் விடும். உள்மூலைகளைக் கூராக விடாமல் குறைந்தது 3 மி.மீ. ஆரம் கொடுங்கள். விரிசல் எப்போதும் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும்.

பீடத்தில் ஊர்ப்பெயர் வெட்டுவதானால் தமிழ் எழுத்தில் இரண்டு சிக்கல் உண்டு. எழுத்தை ஓட்டையாக வெட்டினால் க, வ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். அதைப் பிடித்து வைக்க ஒரு பாலம் விட வேண்டும். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்தால் சுழி நிற்கும், புள்ளி விழும். கணினி எழுத்துருவை அப்படியே அனுப்பினால் இரண்டும் நடக்கும். ‘மண்டபம்’ என்ற ஐந்தெழுத்தில் இரண்டு புள்ளியும் ஒரு ண்-ணும் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

முதலில் கெட்டி அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டி, வெளியே வெயிலில் நிறுத்திச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். தகட்டுச் சிற்பம் முன்னால் நின்றால் முழு உருவம், பக்கத்தில் வந்தால் 6 மி.மீ. கோடு. இதைச் சமாளிக்க இரண்டு தகட்டைக் குறுக்காகச் செருகுவது சுலப வழி. ஆனால் செருகும் பள்ளம் இங்கே உப்புப் பெட்டி. நான்கு பக்கமும் முழுதாக வெல்டு ஓட்டி அடைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். மேலான வழி, பிரேசில் சிற்பி அமில்கார் டி காஸ்ட்ரோ வாழ்நாள் முழுக்கச் செய்தது: ஒரே தகடு, ஒரு வெட்டு, ஒரு மடிப்பு; ஒட்டுவேலையே இல்லை. ஆவுளியாவின் துடுப்பை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தில் மடித்து வெளியே தள்ளினால் உடலுக்குக் கனம் வந்துவிடும். மடிப்பு தகட்டை விறைப்பாக்கவும் செய்யும். வெட்டு முடியும் இரண்டு முனையிலும் 10 மி.மீ. வட்டத் துளை விட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது அங்கிருந்து கிழியும். மடிப்பின் உள் ஆரம் 10, 12 மி.மீ. இருக்கட்டும். வெட்டின் பிசிறுள்ள பக்கம் மடிப்புக்கு உள்ளே வர வேண்டும். வெளியே வந்தால் இழுபட்டு விரிசல் காணும். எஸ்.எஸ். மடித்த பின் சில டிகிரி திரும்பி வரும், அதற்கேற்பக் கூடுதலாக மடிக்கச் சொல்லுங்கள். மடித்த துடுப்பு மேல்நோக்கிக் கிண்ணம் போல நிற்கக் கூடாது. சாய்வு கீழ்நோக்கி.

வெட்டுவதற்கு லேசர், பிளாஸ்மா, வாட்டர்ஜெட் மூன்றில் ஒன்று. கேஸ் கட்டிங் எம்.எஸ். எனும் சாதாரண இரும்புக்கு மட்டுமே, எஸ்.எஸ். மேல் உருவாகும் குரோமிய ஆக்சைடு எளிதில் உருகாது என்பதால் வெட்டு ஓடாது. பிளாஸ்மாவில் ஒன்றரை, இரண்டு மி.மீ. அகலம் தின்னும், விளிம்பு சரியும். 6 மி.மீ.க்கு லேசர்தான் சரி. மதுரையிலோ கோவையிலோ ஜாப் ஒர்க் கொடுக்கலாம். நைட்ரஜன் வாயுவில் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆக்சிஜனில் வெட்டினால் விளிம்பு கறுத்து, அந்தக் கறுப்பிலிருந்தே துரு கிளம்பும். கோப்பு டி.எக்ஸ்.எஃப். என்ற கணினி வரைபட வடிவில், மி.மீ. அளவில், எல்லாக் கோடும் மூடிய கோடாக இருக்க வேண்டும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இருந்தால் எந்திரம் இருமுறை வெட்டும். விளிம்பு பாழ், காசும் இரட்டிப்பு. வெட்டுக்கூலி பெரும்பாலும் வெட்டும் நீளத்தையும் எத்தனை இடத்தில் துளைத்துத் தொடங்குகிறது என்பதையும் பொறுத்தது. நுணுக்கத்தைக் குறைக்க இது இன்னொரு காரணம். 1250க்கு 2500 மி.மீ. தகடு 6 மி.மீ. பருமனில் சுமார் 150 கிலோ; உருவம் அதில் பத்தில் ஆறு பங்கு என்றால் 90 கிலோ சிற்பம்.

தகடு ஊருக்கு வந்ததும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் விசைப்படகுப் பட்டறைகளில் நல்ல வெல்டர்கள் இருக்கிறார்கள். கடல் துருவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டறையில் நாள் முழுக்க எம்.எஸ். இரும்பு தேய்க்கிறார்கள். அதே கிரைண்டர் டிஸ்க், அதே கம்பி பிரஷ் எஸ்.எஸ். மேல் பட்டால் இரும்புத் தூள் தகட்டுக்குள் பதிந்துவிடும். பத்தடி தள்ளி யாரோ தேய்க்கும் பொறி வந்து விழுந்தாலும் அதே கதைதான். புதிய டிஸ்க், எஸ்.எஸ். பிரஷ், மேசைமேல் மரப்பலகை, தனி மூலை: இது பேரம் பேசக் கூடாத விஷயம். முடித்த பின் நல்ல தண்ணீரில் நனைத்து ஓரிரவு விட்டு, காலையில் பாருங்கள். ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் இரும்புத் தூள் இருக்கிறது. நிறுத்திய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

வெல்டிங் ஆர்கான் முறையில், 316 எல் கம்பியோடு. எஸ்.எஸ். சூட்டை மெதுவாகக் கடத்தும், எம்.எஸ்.ஸைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளமாக நெளியும். முதலில் புள்ளி வைத்து, இடம் மாற்றி மாற்றி 40, 50 மி.மீ. ஓட்டி, ஆறவிட்டுக் கடைசியில் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். இடைவெளியை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் கோளாறு. ஒரு வெல்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு விரல் இடுக்கில் மயிரிழை வாய் திறந்திருக்கும். உப்புநீர் உள்ளே போகும், ஆக்சிஜன் போகாது, எஸ்.எஸ்.ஸின் காப்புப் படலம் அங்கே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. வெளியே பார்த்தால் இடுக்கின் கீழ்முனையிலிருந்து பழுப்புக் கண்ணீர் ஒன்று வழிந்து காய்ந்திருக்கும். துடைத்தால் போகும், அடுத்த வாரம் திரும்ப வரும்.

வெல்டைச் சுற்றி நீலமும் வைக்கோல் நிறமுமாக ஓடும் வளையங்கள் அழகாக இருக்கின்றன என்று விட்டுவிடாதீர்கள். அங்கே குரோமியம் குறைந்திருக்கிறது. பிக்கிளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை பூசி எடுக்க வேண்டும். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் எரிச்சல் தெரியாமல் எலும்பு வரை இறங்கும். ரப்பர் கையுறை, முகக்கவசம், பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை நீங்களே பூசுகிறீர்கள். கடைசிக் கழுவல் காவிரித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும்.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்தின் கடைசிக்காலச் சிற்பங்களில் கிரைண்டரால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்த கோடுகளில் வெயில் துள்ளும். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதைச் செய்ய ஆசை வரும். கடற்கரையில் அந்தக் கீறல்கள் உப்பைப் பிடித்து வைக்கும் சால். தேய்ப்புத்தாளில் 400 கிரிட் நுண்மை வரை போய், தேய்ப்புக்கோடு மேலிருந்து கீழாக ஓடும்படி முடியுங்கள். தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். விளிம்புகளைக் கைவிரல் வழுக்கும்படி ஒரு மி.மீ. உருட்டிவிடுங்கள், பிள்ளைகள் நிச்சயம் தொடுவார்கள், ஏறுவார்கள்.

எஸ்.எஸ்.ஸுக்குப் பணம் இல்லை, அல்லது வண்ணம் வேண்டும் என்றால் எம்.எஸ். 10 மி.மீ. எடுத்து கால்வனைஸ் செய்து பெயின்ட் அடிக்கலாம். உருக்கிய துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி. மூடிய குழாய் இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், ஆகவே காற்றுத்துளை கட்டாயம். 85 மைக்ரான் துத்தநாகம் மட்டும் என்றால் சி5 சூழலில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் போகும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். மேலே லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்கி எப்பாக்சி, அதன்மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று காக்கும். பெயின்ட் எப்போதும் கூர்விளிம்பிலிருந்து விலகி மெலியும். அதனால் விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, முழுப்பூச்சுக்கு முன் விளிம்புக்கு மட்டும் பிரஷால் ஒரு கை ஓட்ட வேண்டும். தகட்டின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிட 3 டிகிரி மேலே இல்லாவிட்டால் அடிக்காதீர்கள். இங்கே விடியற்காலையில் தகடு கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கி, மாலை ஈரக்காற்று வருமுன் முடித்துவிட வேண்டும். தனுஷ்கோடி போன்ற மணல் பறக்கும் இடத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட்டை மணலே தேய்த்து எடுத்துவிடும். அங்கே உயரமான பீடம் வேண்டும்.

நிறுத்துவது. விநாடிக்கு 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம் தரும். ஓட்டைகள் போக 1.75 சதுர மீட்டர் தகடு என்றால், தட்டையான உருவத்துக்கான கூடுதலையும் சேர்த்து 320 கிலோ வரை தள்ளும். தள்ளும் மையம் ஒன்றரை மீட்டர் உயரத்தில். இரண்டையும் பெருக்கினால் கவிழ்க்கும் திருப்பம் 480 கிலோகிராம்-மீட்டர். 1.2க்கு 1.2 மீட்டர், 75 செ.மீ. ஆழக் கான்கிரீட் சுமார் 2.6 டன், மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். இவ்வளவு ஏன் என்றால், புயல் வரும் நாளில் மணலில் தண்ணீர் மட்டம் ஏறி, கான்கிரீட் மிதப்பதுபோல் எடை இழந்து, தாங்கும் திறன் இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். 1964 டிசம்பர் புயலைப் பார்த்த கரை இது. இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடுதான்; கட்டுமானப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும், மாவட்ட நிர்வாகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கான்கிரீட்டுக்குக் கடல் மணலும் உவர்நீரும் ஆகாது. கம்பிக்கு மேல் 75 மி.மீ. மூடல் இருக்கட்டும். போல்ட்டும் நட்டும் 316 எஸ்.எஸ். மட்டும். எஸ்.எஸ். அடித்தகட்டில் ஜிங்க் போல்ட் போட்டால் பெரிய தகடு சின்ன போல்ட்டைத் தின்றுவிடும். போல்ட்டின் அடி கான்கிரீட் கம்பியில் தொடக் கூடாது. மரையில் சிக்காமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள், எஸ்.எஸ். மரை வறட்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எந்தத் திசையைப் பார்த்து நிறுத்துவது என்பதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். மண்டபம், ராமேஸ்வரம் சுமார் 9.3 பாகை வடக்கில் இருக்கின்றன. சித்திரை தொடங்கும்போதிலிருந்து ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். தெற்கு பார்த்த முகம் அந்த மாதங்களில் மதியம் இருட்டு. தகட்டின் தளத்தை வடக்கு-தெற்காக வைத்து, முகங்களைக் கிழக்கும் மேற்குமாகத் திருப்பினால் காலையிலும் மாலையிலும் வெட்டுகள் வழியே வெளிச்சம் பாய்ந்து ஆவுளியாவின் நிழல் தரையில் நீளும். வெட்டுச் சிற்பத்தில் பாதி வேலை அந்த நிழல்தான். சிற்பத்துக்கு முன் பத்தடி தரையை வெளிர்நிறமாக, செடி இல்லாமல் விடச் சொல்லுங்கள்.

தொழிலாக எடுப்பது பற்றி. இந்தக் கலையில் பெரிய பெயர்கள் எல்லாம் பட்டறை வழியே வந்தவர்கள். ஸ்பெயின் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் 1918-இல் ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றவர். பத்து ஆண்டு கழித்து பிக்காசோவுக்கு வெல்டிங்கில் கைகொடுத்தவர் அவர்தான். ஸ்மித் 1925-இல் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நம் பக்கத்தில் பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டிலும், சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளை வெல்டிங்கிலும் தகட்டை முன்முகமாக நிறுத்தும் ஒரு தமிழ் வழியைக் காட்டினார்கள். கோயில் கவசங்களின் தகட்டுவேலையைப் பார்த்த கண்ணுக்கு அந்த வழி அந்நியமாக இருக்காது. ஓராண்டாவது ஒரு பிட்டரிடம் நின்று தகடு நெளிவதையும் நிமிர்வதையும் கையால் தெரிந்துகொள்ளுங்கள். வரைவதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ். வெல்டிங் புகையில் புற்றுநோய் தரும் குரோமியம் வகை இருக்கிறது; முகத்தில் துண்டைக் கட்டினால் அது நிற்காது, வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ஜிங்க் பூசிய இரும்பை வெல்டு அடித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். கிரைண்டர் சத்தத்துக்குக் காதடைப்பான் போடாதவர்களுக்கு முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற உச்ச ஒலிகள்.

விலை சொல்லும்போது தகடு, வெட்டுக்கூலி, வெல்டிங், ஆசிட் வேலை, லாரி, கிரேன், அஸ்திவாரம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, வரைபடத்துக்கு உங்கள் கூலியையும் தனியாகக் காட்டுங்கள். தகடு வாங்கும் பணத்தை முன்பணமாக வாங்காமல் வெட்டுக்குக் கொடுக்கக் கூடாது. வெட்டிய ஆவுளியாவை வேறு யாருக்கும் விற்க முடியாது. பராமரிப்பையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தை முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான துணியும், மழை படாத அடிப்பக்கத்துக்கு இரட்டைக் கவனம். பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட், இரும்பு நார் மூன்றும் கூடவே கூடாது. திறப்புவிழாவுக்கு முதல்நாள் பளபளப்பாக்க வேண்டும் என்று யாராவது ஆசிட் பாட்டிலோடு வருவார்கள். அன்று நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.